சந்தை வாசலில் போட்ட வளையல்

போன மாதம் ஒரு காலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் பத்மா போன் செய்தாள். அவளும் நானும் மத்தியப் படையில் ஒரே பட்டாலியனில் வருடக்கணக்கில் இருந்தவர்கள். நான் சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆகி ஆவடியில் உட்கார்ந்துவிட்டேன். மதுரைக்காரியான அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, போஸ்டிங்கும் இங்கேதான்.

“அக்கா, நியூஸ் பாத்தீகளா? நம்ம போயிருந்த நாட்டுல மிஷனை மூடுறாகளாம். வெளிநாட்டுப் படை எல்லாம் கெளம்புங்கன்னு அந்த அரசாங்கமே சொல்லிருச்சாம்.”

“யாரு சொன்னா?”

“டிவில சொல்றான். இங்க புதுசா வந்த புள்ளைங்க என்னைப் போட்டுக் கொடையுதுக. ஒரு வருசம் அங்க இருந்தீங்களே, அதுல ஏதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சான்னு கேக்குதுக. எனக்கு என்னத்தக்கா தெரியும்? நீங்க எழுதிக் குடுங்க, பட்டாலியன் மலர்ல போடுறாகளாம்.”

எழுதுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். தோசை கருகிப் போயிருந்தது. மலருக்கு எழுதுவதென்றால் கொடி, அணிவகுப்பு, மெடல் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் பேனாவை எடுத்தால் வேர்க்கடலைக் கூடையோடு பிந்தா வந்து முன்னால் நிற்கிறாள். அவளை ஒதுக்கிவிட்டு எனக்கு எழுத வரவில்லை. மலர்க்காரர்கள் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தேன். பயிற்சி, தேர்தல் பந்தோபஸ்து, மலை மாநிலங்கள், விமான நிலைய வாசல் என்று இருபத்தைந்து வருடத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். வீட்டுக்காரர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். மகள் நித்யாவைக் குவார்ட்டர்ஸில் வைத்து வளர்த்தது பெரும்பாலும் அவர்தான். பெண்கள் மட்டுமே உள்ள ஒரு கம்பெனி அமைதிப் படையில் சேர்ந்து ஆப்பிரிக்கா போகிறது, விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆர்டர் வந்தபோது அவரிடம் பேப்பரை நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

“ஒரு வருஷந்தானே. போய்ட்டு வா. சாம்பார் வெக்க எனக்குத் தெரியாதா இன்னா?”

கிளம்புவதற்கு முன் ஆவடி மார்க்கெட்டில் கண்ணாடி வளையல் வாங்கினேன். சிவப்பும் பச்சையுமாக இரண்டு டஜன். கடைக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர், வாயும் ஜாஸ்தி.

“இன்னாக்கா, துப்பாக்கிய புடிக்கிற கைக்கு வளையலா? அங்க போய் யாரை மயக்கப் போற?”

“பொங்கலுக்குப் போட்டுக்கறதுக்குய்யா. யூனிஃபார்ம் போட்ட நாள்லேர்ந்து கை மொட்டையா கீது. பேசாம கட்டு.”

டூட்டியில் கண்ணாடி வளையல் போட அனுமதி கிடையாது. லீவில் போட்டுக்கொண்டாலும் கிளம்பும் அன்று கழற்றிவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாகக் கழற்றிக் கழற்றி வைத்தவள் நான். இதைப் பின்னால் சொல்லப் போவதற்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. தலைநகரிலிருந்து ஒரு நாள் பயணத்தில் ஒரு சந்தை ஊர், அங்கேதான் எங்கள் முகாம். சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கிக் கும்பல்கள். அந்த நாட்டு ராணுவத்தில் பெண்கள் இல்லை. ஆண்கள் பெண்களைத் தொட்டுச் சோதிக்க முடியாது. கும்பல்காரனுக்கு அது போதாதா? ஊர்ப் பெண்களை மிரட்டி, அவர்கள் மூட்டையிலும் முதுகிலும் வைத்து வேண்டியதை உள்ளே அனுப்பினான். நாங்கள் போவதற்கு முந்தின வருடம் ஒரு மூட்டை வெடித்து, சந்தையே மூடிக் கிடந்தது. பெண் போலீஸ் வேண்டும் என்று அந்த அரசாங்கம் கேட்டது அதற்காகத்தான். சந்தை வாசலில் தகரக் கொட்டகை, சாக்குத் திரை, உள்ளே இரண்டு பேர். ஒருத்தி சோதிப்பாள், இன்னொருத்தி திரைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பாள். நான் சோதிப்பேன், பத்மா நிற்பாள்.

எங்கள் கமாண்டர் நேகி மேடம், வடக்கே மலைப் பக்கத்துக்காரர். என் தோளுக்குத்தான் இருப்பார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. போய்ச் சேர்ந்த முதல் வாரம் எங்களைச் சந்தைப் பக்கம் விடவே இல்லை. முகாமுக்குள்ளேயே கொட்டகை போட்டு, ஒவ்வொருத்தியும் அவரையே சோதனை செய்ய வேண்டும் என்றார். கமாண்டரைத் தொட யாருக்குக் கை வரும்? நான் செய்து முடித்ததும் தொப்பியைச் சரி செய்துகொண்டே சொன்னார்:

“உன் கை என்னைத் திருடி என்று சொல்கிறது, செல்வி. மறுபடி செய்.”

அன்று நாலு முறை செய்தேன். அவர் வைத்த முறை இதுதான். திரைக்குள் வரும் பெண்ணுக்கு முதலில் நம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். அவள் தலையசைத்த பிறகுதான் தொட வேண்டும், அதுவும் புறங்கையால். தலைத்துணி, தோள், அக்குள், முதுகு, இடுப்பு என்று மேலிருந்து கீழே, பாதியில் நிறுத்தாமல். முதுகில் குழந்தை கட்டியிருந்தால் தாயே அவிழ்க்க வேண்டும், நாம் குழந்தையைத் தொடக் கூடாது. கூடைக்குள் கையை விடக் கூடாது, அவளையே கிளறிக் காட்டச் சொல்ல வேண்டும். முடிந்ததும் நன்றி. ஒரு நாளைக்கு இருநூறு பெண்கள் வந்தாலும் இருநூறாவது பெண்ணுக்கும் உள்ளங்கையை விரித்தாக வேண்டும். மேடம் திடீர் திடீரென்று வந்து வரிசையில் பெண்களோடு பெண்ணாக நின்று பார்ப்பார். ஒரு முறை பத்மா சலித்துக்கொண்டாள்.

“கைய விரிச்சு விரிச்சு எனக்குக் கையேந்துற மாதிரியே இருக்குக்கா.”

“அப்படித்தான் இருக்கணுமாம். அவங்க ஊருக்கு நாம வந்திருக்கோம்ல” என்றேன்.

பிந்தா எங்கள் முதல் நாளே வரிசையில் முதலாவதாக வந்தவள். நல்ல உயரம், முப்பது வயது இருக்கும், தலையில் வறுத்த வேர்க்கடலைக் கூடை. நான் கையை விரித்ததும் அவள் கூடையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையை விரித்துக் காட்டினாள். மணலில் கடலை வறுத்து வறுத்து விரல் நுனியெல்லாம் சுட்ட தழும்பு. அவள் ஏதோ சொல்ல, எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஹலிமா சிரித்துவிட்டாள். ஹலிமா அந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் எங்களிடம் வேலைக்கு வந்தவள், அரைகுறை இங்கிலீஷ் பேசுவாள்.

“போலீஸ்காரி கை இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, வீட்டில் புருஷன் சமைக்கிறானா என்று கேட்கிறாள்.”

“ஆமாம், சாம்பார் வைக்கிறார்னு சொல்லு” என்றேன். சாம்பாரை எப்படிச் சொன்னாளோ, வரிசையே சிரித்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு கை கடலையை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாமென்றால் முறைப்பாள். மூன்றாவது மாதம் ஒரு நாள், கூடையைக் கிளறிக் காட்டியவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் புதிதாக மூன்று பேர். யாருக்கோ உறவு என்கிறார்கள். ஆனால் வாசலில் கிடக்கும் செருப்பு இந்த ஊர்ப் பக்கத்துச் செருப்பு இல்லை. அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கடலையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேடத்திடம் சொன்னேன். அன்று மதியமே அந்த நாட்டு ராணுவம் வீட்டைச் சுற்றியது. உள்ளே சந்தைக்காகவே தயார் செய்த நான்கு வெடிமருந்து மூட்டைகள் இருந்தன.

ரிப்போர்ட் எழுதும்போது தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். மேடம் அதன் மேல் விரலை வைத்தார்.

“பெயர் வேண்டாம். வாசல் என்று எழுது.”

“ரூல்படி பெயர் வேணும் மேடம்.”

“நாம் ஒரு வருடம் இருப்போம். இந்த நோட்டு எத்தனை வருடம் யார் யார் கையில் இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?”

அதற்குப் பிறகும் பல பெண்கள் பல விஷயம் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் வாசல் என்றே எழுதினோம். சந்தை மறுபடி முழுசாகத் திறந்தது. தையல் மெஷின்கள் வந்தன, ஆடுகள் வந்தன. ஹலிமா அரைநாள் பள்ளிக்கூடம் தொடங்கினாள். பிரயோஜனம் இருந்ததா என்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

பிந்தா முழுகாமல் இருக்கிறாள் என்பது சோதனை போடும் என் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லையாம், அதனால் யாரிடமும் சொல்லவில்லையாம். எனக்கும் நித்யாவுக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன். வரிசை பொறுத்துக்கொண்டது.

அவளுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது வளைகாப்பு போட்டோம். யோசனை என்னுடையது. டீ நேரத்தில் கொட்டகைக்குள்ளேயே செய்தோம். வேப்பிலைக்குப் பதில் அங்கே கிடைத்த ஏதோ ஒரு தழை, முகாம் சமையலறை மஞ்சள், பத்மா கிளறிய எலுமிச்சைச் சாதம். அவள் தொழுகிறவள் என்பதால் குங்குமம் வைக்கவில்லை. ஆவடி வளையலில் ஒரு கைக்கு ஒன்பது, மறு கைக்கு ஒன்பது. பொங்கலுக்கென்று வைத்திருந்தேன், பொங்கலன்றும் டூட்டி போட்டதால் பிரிக்காமலே கிடந்தது. அவள் கையை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டு வயிற்றுக்குள் குழந்தை திரும்புகிறது என்றாள். வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். நம் ஊர்க் குலவை மாதிரியே இருந்தது, பத்மா அழுதுவிட்டாள்.

அப்போது ஹலிமாவை வைத்து நான் ஒன்று சொன்னேன். “பிள்ளை பொறக்கற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாது. கழட்டாம இருந்தா இந்தப் பிள்ளை தங்கும்.” முதல் வாக்கியம் எங்கள் வழக்கம். இரண்டாவது நானாகச் சேர்த்தது. அவள் என்னை நம்பிவிட்டாள்.

வளைகாப்பு முடிந்து இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது. பகுதி அமைதியாகிவிட்டது, எனவே சந்தை வாசலை உள்ளூர் ராணுவத்திடம் ஒப்படைக்கலாம், எங்கள் இடத்துக்கு வருகிற அடுத்த கம்பெனி தலைநகரில் விமான நிலையத்துக்குப் போகட்டும். நாங்கள் நன்றாக வேலை செய்தது தப்பாகிவிட்டது. மேடம் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். உள்ளூர் ராணுவத்தில் பெண்கள் இல்லை, முதலில் பத்துப் பெண்களை எடுத்துக் கொடுங்கள், நாங்கள் பழக்கிவிட்டுப் போகிறோம் என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது.

கிளம்புகிற நாள் காலையில் கடைசியாக வாசலில் நின்றேன். கடிதமும் ஒப்படைப்பு வேலையுமாகச் சில வாரமாக வாசல் பக்கம் வராத மேடமும் வந்தார். வரிசையில் பிந்தா இருந்தாள். தூரத்திலிருந்தே வளையல் சத்தம் கேட்டது. அந்த ஊரில் வேறு யாரிடமும் கண்ணாடி வளையல் கிடையாது. மேடம் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தார்.

“அதை நீ கொடுத்தாயா?”

“வளைகாப்பு மேடம். எங்க வழக்கம்.”

“நாளைக்கு இந்த வாசலில் நாம் இருக்க மாட்டோம். அவள் யாருடைய சிநேகிதி என்று ஊர் முழுக்கக் கேட்கும். கழற்றச் சொல்லு. இப்போதே.” பிறகு எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். “தயவுசெய்து, செல்வி.”

நோட்டில் அவள் பெயரை எழுதாமல் அத்தனை மாதம் காப்பாற்றினோம். நான் அதை அவள் கையில் எழுதி வைத்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

திரைக்குள் வந்தாள். கையை விரித்தேன். அவளும் விரித்தாள், அது எங்கள் விளையாட்டாகவே ஆகியிருந்தது. பத்மா திரையோரம் நின்றாள், ஹலிமா பக்கத்தில் நின்றாள். கழற்று என்று ஒரு வார்த்தை. முழுகாமல் இருக்கிறவளிடம், இரண்டு பறிகொடுத்தவளிடம், கழட்டாமல் இருந்தால்தான் தங்கும் என்று என் வாயால் சொல்லிவிட்டு, அதே வாயால் எப்படிச் சொல்வேன்? நிறைமாசத்துக்காரி கையிலிருந்து வளையலைக் கழற்றச் சொல்கிற நாக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால்? என் சொல்லால் மூன்றாவதும் போய்விட்டால்? வாயைத் திறந்தேன். “உடம்பைப் பாத்துக்கோ” என்றுதான் வந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், வெயில் ஜாஸ்தி என்று உளறினேன். ஹலிமா அதை அப்படியே சொன்னாள். பிந்தா சிரித்தாள். வழக்கமாக வைக்கிற ஒரு கைக்குப் பதில் அன்று இரண்டு கை கடலை வைத்தாள்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார். “சொன்னாயா?”

“சொல்லிட்டேன் மேடம்.”

சர்வீஸில் மேலதிகாரியிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. பத்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஏழு வருடம் ஆகிறது, இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஊருக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். ஹலிமாவிடமிருந்து பத்மாவுக்கு மெசேஜ் வந்தது. ஒரு மதிய வேளையில் மோட்டார் சைக்கிளில் கும்பல் சந்தைக்குள் வந்தது. வாசலில் வெளிநாட்டுக்காரிகளோடு பேசியவர்கள் என்று நான்கு பெண்களை இழுத்துக்கொண்டு போனார்கள். யார் யார் என்று அவளுக்கும் தெரியவில்லை. பிந்தாவை அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சந்தையில் காணோம் என்றாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கலாம். நானே எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று முடித்திருந்தாள். அதோடு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

நேகி மேடத்துக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. ரிட்டயர் ஆன அன்று வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார், அப்போதும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை மலரில் வந்தால் படிப்பார். படிக்கட்டும்.

ஆவடி ஸ்டேஷன் பக்கம் சாயந்திரத்தில் மணலில் கடலை வறுக்கிற வண்டி நிற்கும். அந்த வாசனை வந்தால் என் கால் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் “உனக்குத்தான் பித்தம் ஆவாதே, இன்னாத்துக்குத் தெனம் வாங்குற?” என்கிறார். அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வேறொன்றும் வேண்டாம். அந்தச் சுட்ட விரலை ஒரு தரம் பார்த்தால் போதும். அந்தப் பிள்ளை இருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. என் சர்வீஸ் முழுக்க நான் சொன்னதை எல்லாரும் கேட்க வேண்டும் என்று கத்தியவள் நான். பிந்தா மட்டும் நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது, நாங்கள் வண்டி ஏறிய அன்றே அதையெல்லாம் கழற்றிக் கூடைக்கு அடியில் போட்டிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இதை இத்தோடு முடித்துப் பத்மாவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கொரட்டூரில் நித்யாவுக்கு வளைகாப்பு நடந்தது. அவர்கள் அபார்ட்மென்ட்டின் மாடி ஹாலில். கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளோடு வேலை செய்கிற பெண்கள், இரண்டு பக்கத்து உறவு, பரிமாறுவதற்குப் பத்மா. முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு ஒவ்வொருவராகக் கண்ணாடி வளையல். நித்யாவுக்குக் கை நன்றாக வீங்கியிருந்தது. அவள் மாமியார் நல்ல மனுஷி, கடைசி வளையலைப் பூப்போல ஏற்றிவிட்டு, கன்னத்தில் சந்தனம் தடவிச் சொன்னார்:

“பிள்ளை பொறக்கற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாதும்மா.”

“கழட்டலாம்” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. “உனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா அந்த நிமிஷமே கழட்டிடு நித்யா. யார் சொன்னாலும் கேக்காத. நானே சொல்லியிருந்தாலும் கேக்காத. ஒண்ணும் ஆவாது. கழட்டிடு.”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா சம்பந்தி இது” என்றார் மாமியார். நித்யா என் முகத்தைப் பார்த்து, “சரிம்மா, கழட்டிடறேன், நீ உக்காரு” என்றாள்.

பத்மா எலுமிச்சைச் சாதப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டீகளேக்கா” என்றாள்.

“யாருக்குச் சொல்ல வேண்டியதை யாருக்குச் சொல்லிகினு கீறேன் பாரு, பத்மா” என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை விரித்துவிட்டாள்.